எரியாத ஃபயர்ப்ளேஸின் காவல்காரிகள்

குழந்தை தவழ ஆரம்பித்ததும் வீட்டில் எது குத்தும், எது கவிழும், எது வாய்க்குள் போகும் என்று அதற்கு முன்னாலேயே தவழ்ந்து போய்க் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முட்டிக்கு பேட் கட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்கள் வீட்டு ஹாலில் நான் நிஜமாகவே தவழ்வேன். வீட்டுக்காரர் கையில் காபியோடு ஓரமாக நின்று பார்ப்பார். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. இப்போது எதிரே அந்த வீட்டுக் குழந்தையும் தவழ்ந்து வந்தால் ஒரு ஹலோ சொல்லிவிட்டு மேலே போய்க்கொண்டே இருப்பேன்.

நாங்கள் இருப்பது டெக்சஸில், டாலஸ் பக்கத்தில் காப்பெல். ஏப்ரலில் போட்ட ஏசியை அக்டோபரில்தான் அணைக்கிற ஊர். ஆனால் வீடு கட்டியவன் எல்லா வீட்டு ஹாலிலும் ஒரு ஃபயர்ப்ளேஸை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதற்கு முன்னால் ஒரு செங்கல் மேடை. பெரியவர்களுக்கு அது முழங்கால் உயரம், எழுந்து நிற்கப் பழகும் குழந்தைக்குச் சரியாக நெற்றி உயரம். உள்ளே இரும்புச் சட்டம், சாம்பல், கண்ணாடிக் கதவு, பக்கத்துச் சுவரில் கேஸைத் திறக்க ஒரு சாவி. எரிக்கவும் மாட்டோம், இடிக்கவும் மனசு வராது. இதைப் படிக்கும்போதே உங்கள் கண் உங்கள் வீட்டு ஃபயர்ப்ளேஸ் பக்கம் திரும்புகிறதா? உட்காருங்கள், நீங்களும் நம்ம கட்சிதான்.

கறுப்புப் பட்டை

எல்லாம் எங்கள் வீட்டில்தான் ஆரம்பித்தது. என் பெண் நிலா முதன்முதலாக எதையும் பிடிக்காமல் எழுந்து நின்ற அன்று, நானும் என் வீட்டுக்காரர் செந்திலும் கை தட்டினோம். கைதட்டலைக் கேட்டு அவள் திரும்பினாள், தடுமாறினாள், செங்கல் மேடையின் மூலையில் புருவம் போய் இடித்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அர்ஜென்ட் கேர் கிளினிக்கில் ஒரு நர்ஸ் பசை மாதிரி எதையோ தடவிக் காயத்தை ஒட்டி அனுப்பினார். அன்றைக்கே கடைக்கு ஓடிப்போய், மூலையில் ஒட்டுகிற கறுப்பு நுரைப் பட்டையை வாங்கிவந்து மேடை முழுக்க ஒட்டினோம். வெள்ளைச் செங்கல் மேல் கறுப்புப் பட்டை. ஹாலுக்குள் நுழைந்தாலே மனசு சோர்ந்துபோகும். நிலாவுக்கு மட்டும் அது ரொம்பப் பிடித்துவிட்டது. பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

எதிர் வீட்டு ஸ்டெல்லா நாகர்கோவில்காரி. சர்ச் கொயருக்கு உடை தைப்பதிலிருந்து ஊரார் வீட்டு ஜன்னல் திரை வரைக்கும் அவள் கைவேலைதான். நிலாவைப் பார்க்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏட்டி ரேவதி, இது என்ன, துக்க வீடு மாதிரி கறுப்பு கட்டி வச்சிருக்க?" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்போதே இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பேசினோம். மேடை மேல் கச்சிதமாக உட்காருகிற மாதிரி ஒரு பலகைக் கூடு நான் செய்வது, அதற்கு மேலும் முன்னாலும் கெட்டி நுரை வைத்துக் கடுகு மஞ்சள் நிறத்தில் அவள் மெத்தை தைப்பது. செங்கல்லில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. ஃபயர்ப்ளேஸ் வாயை மறைக்கப் பிரம்பு பின்னிய ஒரு பலகை. வேலை முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது நான் ஸ்டெல்லாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். ஹாலுக்கே ஒரு களை வந்திருந்தது. நிலாவின் பிறந்தநாளுக்கு வந்தவர்கள் அதன் மேல் வரிசையாக உட்கார்ந்து கேக் சாப்பிட்டுவிட்டு, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். இப்படித்தான் எங்கள் தொழில் பிறந்தது. விருந்தாளிகள் போனபின், அந்த மெத்தையில் காலை நீட்டிப் படுத்திருந்த செந்திலை எழுப்பப் போனேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "குழந்தைக்குப் பாதுகாப்பா இருக்கான்னு டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன், டிஸ்டர்ப் பண்ணாத."

சாமிக்குக் கதவு

இர்விங்கில் அபிராமி வீட்டு ஃபயர்ப்ளேஸுக்குள் சாமி இருந்தார். தனியாகப் பூஜை அறை கட்ட இடமில்லை, இது சும்மாதானே கிடக்கிறது என்று உள்ளே படி கட்டிப் பட்டுத் துணி விரித்து, பிள்ளையார், முருகன், லட்சுமி என்று குடும்பத்தோடு குடிவைத்துவிட்டார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அவள் பையன் அகிலன் நடக்க ஆரம்பித்ததும் ஆபத்து தொடங்கியது. திருநீற்றைத் தின்றான். குங்குமத்தைச் சுவரில் பூசினான். ஒரு நாள் முருகன் கையிலிருந்த வேலைப் பிடுங்கி, கூர்முனை வாயில் இருக்க, ஹாலைச் சுற்றி ஓடினான். அபிராமி பின்னாலேயே ஓடிப் பிடித்திருக்கிறாள். அன்றைக்கே எனக்கு போன் வந்தது.

கரூரிலிருந்து வந்திருந்த அவளுடைய மாமியார் கோமதி ஆன்ட்டி ஒரே பிடிவாதமாக இருந்தார். பிளாஸ்டிக் வலை கூடாது, அது கோழிக்கூண்டு மாதிரி இருக்கும். கம்பி கூடாது, அது சாமியை ஜெயிலில் போட்ட மாதிரி. யோசித்துப் பார்த்து, பூவேலை செதுக்கிய இரண்டு மரக் கதவுகள் செய்வித்தோம். இடுக்குகள் வழியாக உள்ளே விளக்கு தெரியும், குழந்தையின் விரல் நுழையாது. காந்தப் பூட்டு வெளியே தெரியாமல் உட்புறம். கதவு நிறையச் சின்னச் சின்ன வெண்கல மணிகள். யார் தொட்டாலும் சமையலறை வரை சத்தம் கேட்கும். அழகுக்கு அழகு, அலாரத்துக்கு அலாரம். ஆன்ட்டி முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

வேலை முடிகிற சமயத்தில் ஆன்ட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு ரகசியம் சொன்னார். தினமும் காலையில் பிள்ளையார் தலையில் கறுப்பாக மை இறங்குகிறதாம். எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்கிறாராம். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் படம்கூடப் போயிருந்தது. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே தலையை விட்டு மேலே பார்த்தேன். புகைபோக்கியின் இரும்பு மூடி சரியாக மூடவில்லை. பழைய புகைக்கரி கொட்டிக்கொண்டிருந்தது. மூடியை இழுத்துச் சாத்தினேன். அடுத்த வாரம் எப்படி இருக்கிறது என்று போன் செய்தால் ஆன்ட்டிதான் எடுத்தார். "கதவு போட்டது ரொம்ப சந்தோஷம் கண்ணு. ஆனா மேல இருக்கற மூடியை மட்டும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கொஞ்சம் திறந்து வச்சா என்ன?"

புஸ்

இது சின்னக் கதைதான், ஆனால் சின்ன விஷயம் இல்லை. ஒரு காலைப்பொழுது ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு பெண்மணி போனில், "ஃபயர்ப்ளேஸ் பக்கத்துச் சுவத்துல ஒரு சாவி இருக்குங்க. பாப்பா அதைத் திருப்பி விளையாடறா. திருப்பினா புஸ்ஸுன்னு காத்து வருது, ஏசி டக்டா?" என்றார். நான் காரை ஓரம்கட்டி விட்டுக் கத்தியே விட்டேன். சாவியை உடனே மூடச் சொல்லி, விளக்கு ஸ்விட்சைக்கூடத் தொடாமல் குழந்தையோடு வெளியே போய், அங்கிருந்து கேஸ் கம்பெனிக்கு போன் செய்யச் சொன்னேன். அவர்கள் வந்து பார்த்து, கேஸ் எல்லாம் வெளியேறிவிட்டது, பயமில்லை என்றபின்தான் நான் காரை மறுபடி எடுத்தேன். மத்தியானம் நான் போய் அந்தச் சாவியைக் கழற்றி உயரத்தில் ஒரு டப்பாவில் வைத்துவிட்டு, ஓட்டையைப் பித்தளை மூடியால் அழகாக மூடிக் கொடுத்தேன். அவர் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "வீடு வாங்கினதுலேர்ந்து அதுல நான் மாவிலைத் தோரணம் மாட்டிட்டிருந்தேங்க."

கட்டை விரல்

பக்கத்துத் தெரு தினேஷுக்கு வேலை சைபர் செக்யூரிட்டி. கம்பெனி கம்ப்யூட்டர்களுக்குள் திருடன் நுழையாமல் காப்பது. அதனால் என் பூட்டுகளை அவர் நம்பவில்லை. கண்ணாடிக் கதவுக்கு நான் கொண்டுபோனவை எல்லாவற்றையும் ஆட்டி இழுத்துப் பார்த்து, கடைசியில் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார். அதில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பெரியவர் கட்டை விரலால் அழுத்தினால்தான் திறக்கும். குழந்தையின் கைக்கு அந்த பலம் கிடையாது. நான் பெருமையாகச் செய்து காட்டினேன். இரண்டு வயது ரியா விரலைச் சப்பிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள்.

பிறகு போய்ப் பூட்டை அழுத்திப் பார்த்தாள். திறக்கவில்லை. தினேஷ் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரியா கொஞ்சம் யோசித்தாள். அப்பாவிடம் வந்தாள். "டாடி, ப்ளீஸ்" என்று சிரித்தாள். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கட்டை விரல்களைப் பூட்டின் மேல் வைத்தாள். மனிதர் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே அழுத்திவிட்டார்! கதவு திறந்தது, ரியா உள்ளே பாதி போய்விட்டாள். நான் பாய்ந்து காலைப் பிடித்து இழுத்தேன். கூட வந்திருந்த ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த அளவு டேப் கீழே விழுந்து உருண்டது. தினேஷ் தன் கட்டை விரல்களையே உற்றுப் பார்த்தார். "யாராவது சிரிச்சுப் பேசிக் கேட்டா எதையும் திறந்து விடாதீங்கன்னு ஆஃபீஸ்ல எல்லாருக்கும் ட்ரெயினிங் குடுக்கறதே நான்தாங்க."

கிளிப்பச்சை

சுகர் லேண்டிலிருந்து ஒரு டாக்டர் அழைத்தார். பெயர் நளினி. எங்களிடமிருந்து அது அரை நாள் ஃப்ரீவே பயணம். ஸ்டெல்லா வழியெல்லாம் கொயர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் கால் வைத்ததும் இரண்டு பேரும் எங்கள் பாதத்தில் மண் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். அப்படி ஒரு வீடு. எல்லாம் வெள்ளை. நடுநாயகமாகத் தரையிலிருந்து கூரை வரை ஒரே பளிங்கில் ஃபயர்ப்ளேஸ். மேடையின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. பக்கத்திலேயே அவருடைய குழந்தை, தவழ்கிற வயசு, அந்த விளிம்பைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தது. நளினி ஓடிவந்து தூக்கிக்கொண்டார். "ஒரே கண்டிஷன்தான். நீங்க என்ன வேணா பண்ணுங்க, பார்க்கறவங்க கண்ணுக்கு எதுவும் தெரியக்கூடாது" என்றார்.

ஒளி ஊடுருவும் விளிம்புப் பட்டை காட்டினோம், பளபளக்கிறது என்றார். பளிங்கு நிறத்திலேயே மெத்தை சொன்னோம். பளிங்கின் கோடுகள் மறைந்துவிடும் என்றார். ஸ்டெல்லா என் காதில், "மக்கா, இவங்களுக்கு வேண்டியது நாம இல்ல, கண்கட்டி வித்தைக்காரன்" என்றாள். எனக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது. என் முட்டி பேடைக் கழற்றி நீட்டினேன். "டாக்டர், நீங்களே ஒரு தடவை தவழ்ந்து பாருங்க" என்றேன். என்ன நினைத்தாரோ, குழந்தையை ஸ்டெல்லா கையில் கொடுத்துவிட்டு பேடைக் கட்டிக்கொண்டார். தவழ்ந்தார். ஃபயர்ப்ளேஸ் கிட்டே போனதும் அந்த விளிம்பு அவர் கண்ணுக்கு நேரே வந்தது. அப்படியே நின்றுவிட்டார்.

எழுந்திருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்தார். "எங்களுக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பே இல்லைன்னு சொன்னப்புறம்தான் இந்தக் கல்லை இத்தாலியிலேர்ந்து வரவழைச்சோம்" என்றார். "வீட்டையாவது பார்த்துப் பார்த்துச் செய்வோம்னு. அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் கழிச்சு இவ வந்தா." குழந்தை ஸ்டெல்லாவின் துணி மாதிரிகளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதன் கையில் இருந்ததை நளினி வாங்கிப் பார்த்தார். நல்ல கிளிப்பச்சை வெல்வெட். ஓரத்துக்கு வெள்ளைக் கோடு வைத்துத் தைத்தால் பளிங்குக்கு எடுப்பாக இருக்கும் என்று ஸ்டெல்லா மெல்ல ஆரம்பித்தாள். அவள் முடிக்கும் முன்பே நளினி சொல்லிவிட்டார்: "இதையே போடுங்க. உள்ள வர்ற எல்லாருக்கும் இந்த வீட்ல குழந்தை இருக்குன்னு தெரியட்டும்."

சுவருக்குள் இரைச்சல்

இனிச் சொல்லப்போவது எங்கள் தொழிலிலேயே பெரிய நாள். அருள், மெர்சி என்று ஒரு தம்பதி. பாளையங்கோட்டைக்காரர்கள். காப்பெலில் பழைய வீடு வாங்கிப் புதிதாக வந்திருந்தார்கள். அவர்கள் பையன் ஏபெலுக்கு ஒன்றரை வயது. அவனுக்குப் பொம்மை வேண்டாம், டிவி வேண்டாம். கீழே விட்டால் நேரே ஃபயர்ப்ளேஸுக்குப் போவான். கண்ணாடிக் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பான். சோபாவைக் குறுக்கே போட்டார்கள். அடியில் நுழைந்து போனான். மெர்சி பயந்துபோயிருந்தாள். "ஏதோ இழுக்கற மாதிரியே போறான் அக்கா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அதோடு ஹால் சுவருக்குள் அவ்வப்போது இரைச்சல் வேறு. ஏசிக்காரரை அழைத்தார்கள், பிளம்பரை அழைத்தார்கள், இருவரும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அளவெடுக்க ஸ்டெல்லா டேப்பை நீட்ட, நான் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். சாம்பலில் ஏதோ அசைந்தது. டார்ச் அடித்தால், என் கட்டை விரல் அளவுக்கு ஒரு குருவிக் குஞ்சு! மெர்சி வீல் என்று கத்தினாள். அருள் சோபா மேல் ஏறி நின்றுவிட்டார். ஏபெல் இரண்டு கையையும் சிறகு மாதிரி அடித்துக்கொண்டு சிரித்தான். அந்த நேரம் பார்த்து மேலே புகைபோக்கிக்குள் தாய்க்குருவி இறங்கியிருக்க வேண்டும். படபடவென்று இடி மாதிரி ஒரு சத்தம், உடனே ஒரு கூட்டம் குஞ்சுகளின் கீச்சுக் கீச்சு. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏபெல் இத்தனை நாள் காதை வைத்துக் கேட்டது இதைத்தான்!

பறவைகளைப் பராமரிக்கும் தன்னார்வலர் ஒருவரை போனில் பிடித்தோம். அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னார்: இது புகைபோக்கியில் கூடு கட்டுகிற குருவி, கூட்டைக் கலைத்தால் சட்டப்படி குற்றம். தண்ணீர், சோறு எதுவும் கொடுக்காதீர்கள். மேலே இருக்கும் மூடியைத் திறந்து, உள்சுவரில் குஞ்சை ஒட்டினாற்போல் வையுங்கள், அதற்கு நிற்கத் தெரியாது, சுவரைப் பற்றிக்கொள்ளத் தெரியும். அவ்வளவுதான், நான் மல்லாக்கப் படுத்து ஃபயர்ப்ளேஸுக்குள் போனேன். ஸ்டெல்லா கையுறை போட்டு, வெல்வெட் துணியில் குஞ்சை ஏந்திக் கொடுத்தாள். குஞ்சு விழுகிற அளவுக்கு இடுக்கு விட்டிருந்த மூடியை முழுக்கத் திறந்ததும் ஒரு கூடை கரி என் முகத்தில் கொட்டியது. "மூச்சை அடக்கிக்க மக்கா, கையை நீட்டு, இன்னும் மேல!" என்று ஸ்டெல்லா கத்துகிறாள். என் உள்ளங்கையில் அந்த இதயம் அடிக்கிற வேகத்தை என்னால் சொல்லவே முடியாது. சுவரில் வைத்தேன். ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு சின்ன நகங்கள் செங்கல்லைப் பற்றின. கையை எடுத்தேன். விழவில்லை!

மூடியைச் சாத்திவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்து காத்திருந்தோம். அருளும் சோபாவிலிருந்து இறங்கி வந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அந்த இடி, அந்தக் கீச்சு. சத்தம் போடக் கூடாது என்று வாயை இறுக மூடிக்கொண்டு விரல் நுனியால் கை தட்டினோம். கெட்டிப் பலகை போடுகிற யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன். இரும்பு மூடியை இறுகச் சாத்தி, மேடைக்கு மெத்தை தைத்து, முன்னால் நெருக்கமாகப் பின்னிய பிரம்புத் தட்டி ஒன்று வைத்தோம். ஏபெல் காது வைக்கிற உயரத்தில் ஒரு வட்டம் மட்டும் சன்னப் பின்னல், சத்தம் நன்றாக வரட்டும் என்று. பார்ப்பவர்களுக்கு அது ஒரு நிலா வடிவ வேலைப்பாடு. குருவிகள் தெற்கே பறந்து போகிறவரை அவன் நாற்காலி போட்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தானாம். அன்று நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது அருள் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் சத்தத்தை நிறுத்தறதுக்கு நாங்க ஊர்ல இருக்கற ஆளையெல்லாம் கூப்பிட்டோம். இவன் ஒருத்தன்தான் அதைக் கேட்டிருக்கான்."

பனி வந்த அன்று

டெக்சஸில் பனி எப்போதாவதுதான் விழும். விழுந்தால் ஊரே படுத்துவிடும். ஒரு பிப்ரவரியில் அப்படித்தான் ரோடெல்லாம் கண்ணாடியாக உறைந்து, காலையில் கரண்ட் போய்விட்டது. ஹீட்டர் இல்லை. வீட்டுக்குள்ளேயே வாயிலிருந்து புகை வந்தது. அப்போதுதான் என் போன் அலற ஆரம்பித்தது. எல்லாம் என் கஸ்டமர்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "ரேவதி, நீங்க மூடிட்டுப் போனீங்களே, அந்த ஃபயர்ப்ளேஸை இப்ப எரிக்கலாமா?" நான் ஒவ்வொருவரிடமும் தொண்டை கிழியச் சொன்னேன். புகைபோக்கியை யாரும் பார்த்துச் சுத்தம் செய்யாத வீட்டில் நெருப்பைப் பற்ற வைக்கவே கூடாது, விஷப் புகை வீட்டுக்குள் இறங்கும், வாசனையே தெரியாமல் அது ஆளை ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடும், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரே அறையில் இருங்கள், முடிந்தால் சூடுள்ள வீட்டுக்குப் போங்கள் என்று.

எங்கள் வீட்டுப் புகைபோக்கியை அந்தக் குளிர்காலத்துக்கு முன்னால்தான் ஆள் வைத்துச் சுத்தம் செய்திருந்தேன். புகை அலாரமும் விஷப் புகை அலாரமும் பாட்டரியில் ஓடுகின்றன. எரிக்கலாம். ஆனால் எரிப்பதற்கு முன்னால் எங்கள் கைவேலையையே நாங்கள் பிரித்தாக வேண்டும்! ஸ்டெல்லா குடும்பம் எதிர் வீட்டிலிருந்து வழுக்கிக்கொண்டே வந்துவிட்டது. மூன்றாவது வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த பிரகாஷ், ஷாலினி, அவர்களுடைய மூன்று வயதுப் பெண் தியாவும் வந்தார்கள். பனிக்குப் பயந்து நியூஜெர்ஸி ஐசலினை விட்டுவிட்டு டெக்சஸ் வந்தவர்கள். பிரகாஷ் தன் பழைய பனி பூட்ஸைப் பெருமையோடு போட்டுக்கொண்டு, நடக்கத் தெரிந்தது தான் ஒருத்தன்தான் என்கிற தோரணையில் எல்லோரையும் கைபிடித்துக் கூட்டிவந்தார். செந்தில் மெத்தையை இழுத்தார், வரவில்லை. பிரகாஷும் சேர்ந்து இழுத்தார். "ஏட்டி, நாம இவ்வளவு கெட்டியாவா தைச்சோம்?" என்று ஸ்டெல்லாவுக்கு ஒரே சந்தோஷம்.

பலகை, நுரை, துணி என்று எரியக்கூடிய ஒவ்வொன்றையும் ஹாலின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோனோம். மூடியைத் திறந்தோம். புகை மேலே போகிறதா என்று ஒரு காகிதத்தைக் கொளுத்திக் காட்டினேன், மேலே போயிற்று. நான் நீளத் தீக்குச்சியைப் பற்ற வைத்து நீட்ட, செந்தில் சாவியைத் திருப்ப, குப்பென்று நீலமும் மஞ்சளுமாக நெருப்பு எழுந்தது. கூட்டமே "ஹோ" என்றது. அடுத்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது: நெருப்பு எரிகிறது, தடுப்பு எதுவும் இல்லை, ஹாலில் குழந்தைகள்! கராஜுக்கு ஓடினோம். வேலைக்கு வைத்திருந்த இரும்புத் தடுப்புகளை எடுத்துவந்து, நெருப்பிலிருந்து நன்றாகத் தள்ளி வளைத்து நிறுத்தி, இரண்டு பக்கமும் சுவரில் திருகினேன். இத்தனை நாள் செங்கல்லில் ஓட்டை போடக் கூடாது, சுவரில் போடக் கூடாது என்று கஸ்டமர்களிடம் எவ்வளவு பேசியிருப்பேன்! அன்றைக்கு எங்கள் சுவரில் பாட்டரி ட்ரில் பாய்ந்த சத்தம் சங்கீதமாக இருந்தது. அதற்கும் வெளியே நாங்கள் பெரியவர்கள் தோளோடு தோள் வைத்து இன்னொரு வேலியாக உட்கார்ந்தோம். ஷாலினி வெளியே வாசலில் வைத்த கேஸ் அடுப்பில் ரசம் வைத்துக் கொண்டுவந்தாள். டம்ளர் டம்ளராகக் குடித்தோம். கரண்ட் வருகிறவரை யாரும் வீட்டுக்குப் போகிற பேச்சே எடுக்கவில்லை.

தியா மட்டும் அம்மா மடியில் உட்கார்ந்து நெருப்பையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் குளிர்காலத்தில் டிவியில் ஃபயர்ப்ளேஸ் எரிகிற வீடியோ ஓடுமாம், ஷாலினி பிறகு சொன்னாள். தியாவின் கன்னம் சிவந்து வேர்த்துவிட்டது. திரும்பி அம்மாவிடம் சலிப்போடு சொன்னாள்: "அம்மா, திஸ் டிவி இஸ் டூ ஹாட். சேஞ்ச் த சேனல்."

நெருப்பு எரிகிற வீட்டில் எல்லோரும் தாங்களாகவே ஜாக்கிரதையாக இருந்துவிடுகிறார்கள். எரியாத வீடுகள் இருக்கிறவரைக்கும்தான் எங்கள் பிழைப்பு ஓடும்.